மூன்று வாளி

உள்ளங்கை இரண்டும் எரிந்தன. சுண்ணாம்பு ஏற்றி மூன்று நாள் ஆகியும் எரிச்சல் அடங்கவில்லை. ரேகை வழியே தோல் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளைப் பொடி இறங்கியிருந்தது. வியர்வை பட்டால் உயிர் போய்த் திரும்பி வரும். அவள் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் சோற்றுப் பானையைப் பிடித்தாள். தண்ணீரில் கையை வைக்காதே என்று சூளை மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தான். இரண்டு பிள்ளைக்குச் சோறாக்கிப் போடுகிற பொம்பளை தண்ணீரில் கை வைக்காமல் எப்படி இருப்பாள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

இதுவரை அவர்கள் தங்கள் படகில் சுண்ணாம்பு ஏற்றியதில்லை. மணல், விறகு, ஓடு, உடைத்த கல் என்று பதினான்கு வருஷம் ஓடியது. பாலம் திறந்த பிறகு ஓடெல்லாம் லாரிக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுச் சும்மா கிடந்தார்கள். சூளைக்காரனுக்கு வழக்கமாக ஓட்டுகிறவன் இந்த முறை வரமாட்டேன் என்றதால் சரக்கு இவர்கள் கைக்கு வந்தது. அவன் ஏன் வரமாட்டேன் என்றான் என்று அவள் புருஷனான படகுக்காரன் கேட்கவில்லை. கேட்டால் ஏற்ற மனசு வராது.

ஏற்றி முடித்த அன்று மேஸ்திரி படகில் ஏறி வந்து, பலகையைக் காலால் தட்டிப் பார்த்தான். பிறகு அவளையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சொன்னான்.

"இது சுட்ட சுண்ணாம்பு. நனையாமக் கொண்டுபோய்ச் சேத்தா சரக்கு. நனைஞ்சா அடுப்பு. தண்ணி பட்ட இடம் கொதிக்கும், ஊதும், பக்கத்துல இருக்குற மரத்தைப் பத்தவைக்கும். அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா தண்ணி ஊத்தி அணைக்கப் பாக்காதே. தெறக்காதே. மூச்சு முட்டவச்சுக் கொல்லு. நீயும் உன் பொண்டாட்டி புள்ளையும் அடுப்பு மேலதான் குடியிருக்கப் போறீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

படகு நாற்பது அடி. ஒரே பாய்மரம். நடுவில் சரக்கறை, பின்பக்கம் அவர்கள் அறை. அறை என்றால் நிமிர்ந்து நிற்க முடியாது. உட்காரலாம், படுக்கலாம், குனிந்தபடி சண்டை போடலாம். இரண்டு தகரப் பெட்டி, ஆணியில் தொங்குகிற துணி மூட்டை, மகளின் நோட்டுப் புத்தகம் பிளாஸ்டிக் பையில். பெரியவளுக்கு ஒன்பது வயது. எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். சின்னவனுக்கு இரண்டு முடியவில்லை. அவன் இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை பாய்மரத்தில். அளந்து கட்டிய கயிறு. நடக்கலாம், ஓடலாம், விளிம்புக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது பிடித்து இழுத்து உட்காரவைத்துவிடும். பெரியவளும் அந்தக் கயிற்றில்தான் வளர்ந்தாள்.

ஐந்தாவது ஆள் அவளுடைய தம்பி. ஒல்லி என்று பெயர் விழுந்துவிட்டது. அக்காள் வீட்டுக்காரனோடு எட்டு வருஷமாகப் பாய் இழுக்கிறான்.

சுண்ணாம்பு ஏறிய நாளிலிருந்து படகில் புதுச் சட்டம். படகின் மேல்தட்டில் தண்ணீர் சிந்தக்கூடாது. பாத்திரம் கழுவுவது, குளிப்பது எல்லாம் பின்னால் கட்டியிருக்கும் சின்ன ஓடத்தில். சின்னவனுக்கு வந்துவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடி விளிம்புக்கு வெளியே பிடிக்க வேண்டும். அந்த வேலை ஒல்லிக்கு.

"மாமா, எவனெவனோ புயலுக்குப் பயப்படுறான்," என்றான் ஒல்லி, பிள்ளையை அக்குளில் இடுக்கியபடி. "நாம இவன் மூத்திரத்துக்குப் பயந்து சாகுறோம். இவன் ஒருத்தன் மனசு வச்சாப் போதும், அஞ்சு பேரும் வெந்துருவோம்."

அவள் கரண்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனாலும் சிரித்தாள். படகுக்காரன் சிரிக்கவில்லை. அவன் சுக்கானைப் பிடித்தபடி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் விழுந்த காற்று எழும்பவே இல்லை. ஆற்று முகத்தைத் தாண்டி, கரை ஒரு கோடாகத் தெரிகிற அகலத் தண்ணீரில் நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. மூன்றாம் நாள் விடியலில் இருந்து மத்தியானம் வரை படகுக்காரனும் ஒல்லியும் ஓடத்தில் இருந்துகொண்டு கயிறு கட்டிப் படகை இழுத்துப் பார்த்தார்கள். அத்தனை சுமை அசையுமா? ஒரு கூப்பிடு தூரம் நகர்ந்தது. நீரோட்டம் திரும்பியதும் அதே தூரம் பின்னால் வந்தது. இதைச் சும்மாவே செய்திருக்கலாம் என்றான் ஒல்லி.

குடிதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. சாப்பிட்டதும் ஒல்லி குடங்களை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனான். பாப்பாவும் கூடப் போனாள். படகுக்காரன் பின்னறைக்குள் போய்க் குப்புற விழுந்தான். விழுந்த நிமிஷமே குறட்டை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் பலகை.

மரப்படகில் வாழ்கிறவர்களுக்கு இது தெரியும். மரம் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் ஊதி, பலகையும் பலகையும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கி இடுக்கு விடும். கீழ்ப்பலகையைக் கடல் பார்த்துக்கொள்ளும். மேல்தட்டை வீட்டுப் பொம்பளை பார்க்க வேண்டும். காலையில் ஆறு வாளி, சாயங்காலம் ஆறு வாளி. கல்யாணம் ஆகிப் படகேறிய மறுநாள் அவள் கையில் வந்த வாளி அது. பிரசவமாகிப் பத்தாம் நாளும் ஊற்றினாள். காய்ச்சலிலும் ஊற்றினாள். இப்போது மூன்று நாளாக ஒரு சொட்டு இல்லை. பாய்மரத்துக்கு முன்னால், தார்ப்பாய் மூடாத இடத்தில், தட்டு சாம்பல் நிறமாக வெளுத்துக் கிடந்தது. இடுக்கில் அடைத்த தாரும் பஞ்சும் பொருக்கு விட்டு எழும்பியிருந்தன. முந்தின நாள் நகம்தான் நுழைந்தது. இன்று கத்தி முனை நுழைந்தது. குனிந்து பார்த்தால், சுண்ணாம்பின் மேல் பரப்பியிருந்த வைக்கோல் ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்தபோது தென்மேற்கில் மேகம் நின்றது.

சின்ன மேகம்தான். ஆனால் அடிப்பாகம் கருத்திருந்தது. தார்ப்பாய் ஒன்றுதான், அது சரக்கறை மூடிகளுக்கே சரியாக இருந்தது. இந்த மேகம் இங்கே வந்து கால்மணி நேரம் பெய்தால் திறந்து கிடக்கிற இடுக்கு அத்தனையிலும் தண்ணீர் இறங்கும். கால்மணி நேர மழை எத்தனை குடம்? அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அவனை எழுப்பலாம் என்று வாசல்வரை போனாள். விடியலில் இருந்து துடுப்புப் போட்டவன் வாயைத் திறந்தபடி கிடந்தான். எழுந்து அவன் என்ன செய்வான்? தார் காய்ச்ச நேரமில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. அதுவும் முழுசாக வேண்டாம். சாக்கை நனைத்து, பிழிந்து, பலகை மேல் விரித்தால் போதும். மரம் மெதுவாக உறிஞ்சி ஊதிக்கொள்ளும். சொட்டு உள்ளே போகாது. இடுக்கு மூடிக்கொண்டால் மழை வந்து மேலேயே வழிந்துவிட்டுப் போகட்டும். சுண்ணாம்பைக் காப்பாற்றத்தானே ஊற்றுகிறோம் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒரு வாளி மொண்டாள். நான்கு சாக்கை அதில் முக்கிப் பிழிந்து விரித்தாள். உப்புத் தண்ணீர் வெடித்த கையில் பட்டதும் கண் இருட்டியது. சாக்கு போட்ட இடம் கறுத்தது. அப்படியே மறுபடி வெளுத்தது. வெயில் குடிக்கிறதா, மரம் குடிக்கிறதா தெரியவில்லை. இரண்டாவது வாளியை மொண்டு சாக்கின் மேலேயே தெளித்தாள். மேகம் பெருத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது வாளியைத் தெளிக்கவில்லை, ஊற்றினாள். பதினான்கு வருஷமாக ஊற்றிய கை, தானே வீசி ஊற்றிவிட்டது.

அரை மணி கழித்துச் சாக்கை விலக்கிப் பார்த்தாள். கத்தி முனை நுழையவில்லை. நகம்கூட நுழையவில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். மேகம் இவர்கள் பக்கம் வராமலே தெற்கே இறங்கிப் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

சின்னவன்தான் முதலில் கண்டுபிடித்தான். பாய்மரத்து நிழலில் உட்கார்ந்து ஒரு தேய்ந்த கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். ஒரு காலைத் தூக்கினான். அதை வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்கினான். பிறகு அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினான். அழவில்லை; அதுதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது.

அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் தன் காலை வைத்தாள். சூடாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்தாள். வெயில் படுகிற இடத்தில் இன்னொரு காலை வைத்துப் பார்த்தாள். நிழல்தான் அதிகமாகச் சுட்டது.

மண்டியிட்டுக் காதைப் பலகையில் வைத்தாள். கீழே ஏதோ கொதித்தது. உலை கொதிக்கிற சத்தம் போல இல்லை. அதைவிட மெதுவாக, மொறுமொறுவென்று, யாரோ வாயை மூடிக்கொண்டு எதையோ மெல்லுவதுபோல. நடுவில் ஒரு பலகை 'டொக்' என்றது. ஊதுகிறது. மேஸ்திரி சொன்னானே, ஊதும் என்று.

அவள் செய்த முதல் காரியம் சாக்குகளைச் சுருட்டிப் பின்பக்கம் கயிற்றுக் குவியலுக்கு அடியில் திணித்ததுதான். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறாள். படகு எரியப் போகிறது. இவள் சாக்கை ஒளிக்கிறாள். அவனை எழுப்பவில்லை. எழுப்பாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டின் மேல் இங்கும் அங்குமாக நடந்தாள். ஆறிவிடும், கொஞ்சம்தானே, ஆறிவிடும் என்று உதடு முணுமுணுத்தது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் காலை அதே இடத்தில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் சூடு கூடியிருந்தது. ஐந்தாவது தடவை காலை வைக்கவே முடியவில்லை.

ஓடம் வந்து படகில் இடித்த சத்தத்தில் படகுக்காரன் விழித்தான். தலையை வெளியே நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். மூக்கு விடைத்தது. புதிதாக வெள்ளையடித்த வீட்டின் வாடை. அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது: வைக்கோல் தீய்கிற வாடை.

அவன் ஓடவில்லை. தவழ்ந்தான். பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை பலகை பலகையாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். பாய்மரத்துக்கு முன்னால் வந்ததும் கையை வெடுக்கென்று எடுத்தான். ஈரத்தின் கறை இன்னும் முழுசாகக் காயவில்லை. அதைப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான்.

மழை வர்ற மாதிரி இருந்தது, இடுக்கு விட்டிருந்தது, சாக்கை நனைத்துப் போட்டேன் என்று அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கூச்சல் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தனை வாளி?"

"ஒண்ணு."

"ஒரு வாளிதானா?"

"ஒண்ணுதான்."

அடிக்குப் பயந்து சொன்ன பொய் இல்லை அது. அவன் அவளை அடித்ததில்லை. ஒன்று என்று சொன்னால் ஒன்றாகவே ஆகிவிடாதா என்று ஒரு நப்பாசை. மூன்று என்று வாயால் சொன்னால் கீழே இருப்பது அதைக் கேட்டு எழுந்து வந்துவிடும் என்பதுபோல ஒரு பயம்.

படகுக்காரன் ஒல்லியிடம் திரும்பினான். ஒரு வாளி என்றால் நனைந்தது நாலைந்து கூடைக்கு மேல் இருக்காது. முன்மூடியைத் திறந்து, நனைந்ததை மட்டும் மண்வெட்டியால் வாரிக் கடலில் கொட்டிவிட்டு, சட்டென்று மூடிவிடலாம். காற்று உள்ளே போய் வைக்கோல் பற்றுவதற்குள் முடிக்க வேண்டும். முடிக்கலாம், ஒரு வாளிதானே. மேஸ்திரி தெறக்காதே என்றானே என்று ஒல்லி இழுத்தான்.

"மேஸ்திரி சொன்னது பெரிய நெருப்புக்கு. மூடி வச்சா மாசக்கணக்குல கனியும்டா மாப்ள. அதுக்குள்ள பலகை கரியாயிரும். நான் உள்ள எறங்குறேன். நீ கூடையை வாங்கி வாங்கிக் கொட்டு."

அவளையும் பிள்ளைகளையும் ஓடத்தில் ஏறச் சொன்னான். அவள் சின்னவனின் கயிற்றைப் பாய்மரத்திலிருந்து அவிழ்த்தாள். முடிச்சு மாதக்கணக்கில் இறுகியிருந்தது. புண்ணான விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். ஓடத்தில் இறங்கி, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, பாப்பாவைக் குனிந்து உட்காரச் சொன்னாள். அம்மா, அப்பா ஏன் வரலை என்று பாப்பா கேட்டாள். வருவார் என்றாள்.

முன்மூடிக்கு நான்கு ஆப்பு. படகுக்காரன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தான். முதல் ஆப்பைத் தட்டிக் கழற்றினான். ஒல்லி கூடையோடு பக்கத்தில் குந்தியிருந்தான். இரண்டாவது ஆப்பு. மூடியின் ஓரத்திலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு புகை எழும்பி, காற்றில்லாததால் நேராக நின்றது. மூன்றாவது ஆப்பு வரவில்லை. கீழிருந்து பலகை ஊதி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓங்கித் தட்டினான். வந்தது.

நான்காவது ஆப்பில் சுத்தியலை வைத்தான்.

"மூணு வாளி," என்றாள் அவள்.

சுத்தியல் அப்படியே நின்றது.

"ஒண்ணு இல்லங்க. மூணு வாளி. மூணாவதைத் தட்டு மேலயே ஊத்திட்டேன். தெறக்காதீங்க."

அவன் முகத்தில் கட்டியிருந்த துணிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. பிறகு குனிந்து, கழற்றிய ஆப்பு மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடித்தான். நான்காவதையும் ஒரு அடி அடித்து வைத்தான்.

"மாப்ள, தார் டப்பாவை எடு," என்றான். "துணி எது கெடக்கோ எல்லாத்தையும் எடு. மூச்சு வுடக்கூடாது அது."

இருந்த தார் முன்மூடிக்கே பற்றவில்லை. சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் குழைத்து அடைத்தார்கள், எண்ணெய் தீர்ந்தது. துணி மூட்டையிலிருந்து அவளுடைய சேலை இரண்டு, அவன் சட்டை, பாப்பாவின் பாவாடை எல்லாம் கிழிந்து இடுக்குக்குள் போயின. ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் புகை வந்தது. தண்ணீரில் நனைக்கவும் முடியாது. நாலு பக்கமும் தண்ணீர். கை நீட்டினால் தண்ணீர். ஒரு சொட்டு எடுக்க முடியாது. படகைத் துளை போட்டு மூழ்கடித்துவிடலாமா என்று ஒல்லி கேட்டான். மூழ்கடித்தால் மொத்தச் சுண்ணாம்பும் ஒரே நேரத்தில் கொதித்து ஊதும், பலகை பலகையாகப் பிரிந்து போகும் என்றான் படகுக்காரன். இரண்டு பேர் கையிலும் கொப்புளம்.

வெயில் சாயத் தொடங்கியபோது நீரோட்டம் திரும்பியது. அந்த ஓட்டத்தோடு, பாயைச் சுருட்டி, கழி ஊன்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. இந்தத் தண்ணீரில் ஓடுகிற எல்லாருக்கும் அந்தக் குரலைத் தெரியும். புருஷன் போன பிறகு இரண்டு மகன்களை வைத்துக்கொண்டு படகு ஓட்டுகிற பொம்பளை. கத்தினால் கரையில் நாய் எழுந்து நிற்கும். சங்கு என்றுதான் பெயர். பானைச் சூளைக்குக் களிமண் ஏற்றிக்கொண்டு போகிறவள்.

"என்னடா ஒல்லி, தட்டு மேல துணி காயப்போட்டு வெளையாடுறீங்களா?" என்றாள் தூரத்திலிருந்தே. பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுளித்தாள். அதன் பிறகு கிண்டல் இல்லை. மகன்களைக் கழியை ஊன்றி நிறுத்தச் சொல்லிவிட்டு, என்ன ஏற்றியிருக்கிறது என்று கேட்டாள். சுட்ட சுண்ணாம்பு என்றதும் பெரிய மகன் கழியை எடுத்துப் படகைப் பின்னால் தள்ளத் தொடங்கினான்.

"தள்ளுனா கையை ஒடிச்சுருவேன்," என்றாள் சங்கு.

"அம்மா, வெடிச்சா நம்மளும்தான் போவோம்."

"தெரியும். பேசாம நில்லு."

சங்கு ஓடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். படகுக்காரன் முகத்தைப் பார்த்தாள். அவன் சங்குவின் படகில் குவிந்து கிடந்த களிமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறக் களிமண், பிசைந்தால் வெண்ணெய், அதிகம் ஈரம் இல்லாமல் இறுகி நிற்கிற மண்.

"எத்தனை கூடை வேணும்?" என்றாள் அவளே.

"தெரியலக்கா. மூடுற வரைக்கும்."

"இது ஓசி மண்ணு இல்ல. தண்ணி வத்துற ரெண்டு மணி நேரத்துல, இடுப்பளவு சேத்துல நின்னு வெட்டுனது. சூளைக்காரன் கூடைக் கணக்குப் பாத்துத்தான் எறக்குவான். கூடைக்குக் கூடை திருப்பிக் குடுக்கணும். காசா வேணாம். நீயே சேத்துல நின்னு வெட்டிக் குடுக்கணும்."

"குடுக்குறேன்க்கா."

இரண்டு படகையும் ஒட்டி நிறுத்தவில்லை. நடுவில் ஓடத்தைப் போட்டுப் படகுக்காரன் பெண்டாட்டி அதில் நின்றாள். சங்குவின் மகன்கள் கூடையை நீட்ட, அவள் வாங்கித் திரும்பி ஒல்லியிடம் கொடுக்க, படகுக்காரன் மண்ணை உருட்டி உருட்டி இடுக்கில் திணித்து உள்ளங்கையால் தேய்த்தான். பிள்ளைகள் சங்குவின் படகுக்கு மாறியிருந்தார்கள். சின்னவன் வாய்விட்டு அழுதான். சங்கு அவன் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கூடை கை மாறும்போதும் ஓடத்தில் நின்றவள் வாய்விட்டு எண்ணினாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை. பத்து. பதினொன்று. படகு 'டொக்' என்றபோதெல்லாம் எண்ணிக்கை ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. பதினெட்டில் முன்மூடி முடிந்தது. இருபத்தேழில் பாய்மரத்தடி. கடைசியாகப் புகை வந்த இடுக்கு அவர்கள் அறைச் சுவரின் ஓரத்தில் இருந்தது. தலை வைத்துப் படுக்கிற இடம். அதை முப்பத்தாறாவது கூடை மூடியது.

புகை நின்றது. சத்தம் நிற்கவில்லை.

"இனிமே பாத்துக்கிட்டு இருக்குறதுதான்," என்றாள் சங்கு. பிள்ளைகளைத் தன்னோடு கொண்டுபோகிறேன், படகு ஆறினால் வந்து கூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். ஆறாவிட்டால் என்ன என்பதை அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சோற்றுக்கு என்ன கொடுக்க என்று படகுக்காரன் இழுத்தபோது அதட்டினாள். "புள்ளைங்க திங்குறது கணக்குல வராது. மண்ணு மட்டும்தான் வரும்."

ஒன்பது நாள் ஓடத்தில் இருந்தார்கள். நீளக் கயிற்றில் படகுக்கு எதிரே மிதந்துகொண்டு, மூன்று பேரும் தங்கள் வீட்டைப் பார்த்தபடி. அவித்த கிழங்கையும் கருவாட்டையும் ஒல்லி வழியில் போகிற படகில் ஏறிப் போய்க் கரையிலிருந்து கொண்டுவந்தான். காற்று வந்தது, வேண்டிய நாளில் வராத காற்று இப்போது நாள் முழுக்க வீசியது. அலை தெறிக்கிற ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். நான்காம் நாள் மத்தியானம் முன்பக்கத்துக் களிமண்ணில் ஒரு வெடிப்பு விட்டது. படகுக்காரன் நீந்திப் போய் ஏறினான். ஏறும்போது தன் உடம்புத் தண்ணீர் தட்டில் சொட்டக்கூடாது என்று விளிம்பிலேயே தொங்கிக் காய்ந்துவிட்டுப் போய் அடைத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் முதல் தடவையாக அழுதாள்.

அந்த ஒன்பது நாளும் அவன் வாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒல்லியும் இல்லாத நேரத்தில் அவளே ஒருமுறை ஆரம்பித்தாள். நான்காவது ஆப்பைக் கழற்றியிருந்தால் என்று தொடங்கினாள். அவன் படகையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கழட்டல. விடு."

தினமும் காலையில் ஒருவர் மாற்றி ஒருவர் போய்ப் பக்கப் பலகையில் கையை வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் வைத்த கையை எண்ணுமுன் எடுக்க வேண்டியிருந்தது. ஏழாம் நாள் பத்துவரை எண்ண முடிந்தது. ஒன்பதாம் நாள் படகுக்காரன் கன்னத்தை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். திரும்பாமலே கையை ஆட்டி வா என்றான்.

சரக்கைக் கொண்டுபோய் இறக்கியபோது பார்த்தார்கள். முன்பக்கத்தில் நாற்பது கூடைக்கு மேல் நீறி வெறும் பொடியாகிப் போயிருந்தது. மேல்பலகை நான்கு, உள்பக்கம் விரல் கனத்துக்குக் கரி. பாய்மரத்தின் அடியிலும் ஒரு கை அகலத்துக்குக் கரி. இன்னும் ஒரு விரல் எரிந்திருந்தால் மரம் சாய்ந்திருக்கும் என்றான் தச்சன். அந்தப் பலகைகளை மாற்றினார்கள். மாற்றிய பிறகும் அவள் அந்த இடத்தில் கால் வைப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள். சின்னவன் அங்கே உட்கார்ந்தால் பேசாமல் தூக்கி வேறிடத்தில் வைப்பாள். இராத்திரி பலகை சாதாரணமாக முனகிச் சத்தம் போட்டாலும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வந்துவிடும். இருவரும் கையை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கை கையில் இடித்துக்கொள்ளும்.

அவன் இன்னொன்றும் செய்கிறான். அரிசி எத்தனை படி இருக்கிறது என்று அவள் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு தானே போய் மூடியைத் திறந்து பார்க்கிறான். குடத்தில் தண்ணீர் எத்தனை என்றால் தட்டிப் பார்க்கிறான். அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறான்.

பிள்ளைகளைக் கூட்டிவரப் போனபோது, பலகையிலிருந்து பெயர்த்தெடுத்த களிமண்ணை ஓடத்தில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். சங்கு ஒரு கட்டியை எடுத்துப் படகு விளிம்பில் தட்டினாள். டணார் என்றது.

"நான் குடுத்தது மண்ணு. நீங்க கொண்டாந்திருக்கிறது செங்கல்லு," என்றாள். "இதை வச்சுப் பானை செய்ய முடியுமா? தண்ணியில போடு."

எத்தனை கூடை என்று சங்கு கேட்டாள். முப்பத்தாறு என்றாள் இவள். படகுக்காரன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு இடுக்கில் மண்ணைத் திணித்துக்கொண்டே அவனும் எண்ணியிருந்தான்.

"முப்பத்தாறுதான்க்கா," என்றான்.

மழை தொடங்கிவிட்டதால் மண் வெட்டுகிற இடம் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் வற்ற இன்னும் இரண்டு மாதம் ஆகும். சங்குவுக்குத் தர வேண்டியது முப்பத்தாறு கூடைக் களிமண். இதுவரை ஒரு கூடைகூடக் கொடுக்கவில்லை.